ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவது எப்படி

கெட்ட நரம்பை எடுத்து, வேர்க் குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனல் முடிந்ததும் வலி நின்றுவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வலிக்காத பல்லுக்கு என்ன அவசரம் என்று தோன்றும். தீபாவளி போகட்டும், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டி முடியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடும். பிறகு ஒருநாள் சோற்றில் தப்பிக் கிடந்த ஒரு கல் கடிபடும், பல் இரண்டாகப் பிளக்கும். பிளவு ஈறுக்கு மேலேயே நின்றால் காப்பாற்றலாம். வேருக்குள் இறங்கிவிட்டால் பிடுங்குவதுதான் வழி. ரூட் கேனலுக்குக் கொடுத்த பணமும் அதோடு போகும்.

கேப் என்பது ஈறுக்கு வெளியே தெரியும் பல்லை முழுவதுமாக மூடும் உறை. பல் உறை என்று எழுதினாலும், கிளினிக்கில் கேப் என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இங்கேயும் அப்படியே சொல்வோம்.

ரூட் கேனல் செய்த பல் ஏன் பிளக்கிறது? “நரம்பை எடுத்தால் பல் காய்ந்து நொறுங்கிவிடும்” என்பார்கள். முக்கியக் காரணம் அது இல்லை. சொத்தை தின்றது பாதி, அதைச் சுத்தம் செய்யத் துளைத்தது கொஞ்சம், வேர்க் குழாய்களுக்குப் போகும் வழிக்காகத் திறந்தது மீதி என்று பல்லின் உடம்பே குறைந்துபோயிருக்கும். கடைவாய்ப் பல்லின் முன்பக்கமும் பின்பக்கமும், பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தில், ஒரு வரப்பு மாதிரி மேடு இருக்கும். கன்னப் பக்கத்துச் சுவரையும் நாக்குப் பக்கத்துச் சுவரையும் பிரியாமல் பிடித்து வைப்பது அந்த வரப்புதான். இரண்டு பக்கமும் வரப்பு போன பல்லில், மெல்லும்போது எதிர்ப் பல்லின் கூம்பு (மெல்லும் பரப்பில் எழும்பி நிற்கும் முனை) ஆப்பு போல நடுவில் இறங்கி, சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். அந்தச் சுவர்களை மேலிருந்து கட்டிப் பிடிப்பதுதான் கேப்பின் வேலை.

இதிலிருந்தே எந்தப் பல்லுக்குக் கேப் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் விளங்கும். ரூட் கேனல் செய்த கடைவாய்ப் பல், முன்கடைவாய்ப் பல் இரண்டுக்கும் பெரும்பாலும் வேண்டும். முன்பல்லில் பின்பக்கம் ஒரு சின்னத் துளை மட்டும் போட்டு ரூட் கேனல் செய்து, மற்றப் பகுதி முழுசாக இருந்தால் அடைத்தாலே போதும். அதற்கும் கேப் போட்டே ஆக வேண்டும் என்றால் காரணம் கேளுங்கள். ரூட் கேனல் செய்யாத பல்லுக்கும் கேப் தேவைப்படுவதுண்டு: பாதிக்கு மேல் உடைந்த பல், அல்லது கடிக்கும்போது சும்மா இருந்து கடியை விடும் நொடியில் சுரீர் என்று வலிக்கும் பல். அந்த இரண்டாவது வகை வலி விரிசலின் அடையாளம். ஒன்றிரண்டு கூம்புகள் மட்டும் பலவீனம் என்றால் முழுக் கேப்புக்குப் பதிலாக ஆன்லே என்ற பாதி மூடி போடலாம்; பல்லைக் குறைவாகவே சீவ வேண்டியிருக்கும்.

முதலில், என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்

கேப் போட வருகிறவர்களில் அநேகமாக எல்லோரும் கேட்பது “மெட்டலா, செராமிக்கா, ஜிர்கோனியாவா?” என்றுதான். கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: “டாக்டர், ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு நிற்கிறது?”

மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டை மரத்தைச் சுற்றி இறுக்கினால்தான் சக்கரம் பிரியாது. கேப்பும் அப்படித்தான். அதன் ஓரம் ஈறுக்கு அருகே, அசல் பல்லை, சுற்றிலும் குறைந்தது 1.5 முதல் 2 மி.மீ. உயரத்துக்குக் கட்டிப் பிடிக்க வேண்டும். அடைத்த சிமெண்ட்டையோ, கம்போசிட் என்ற பல் நிற அடைப்பையோ பிடித்தால் கணக்கில் வராது. இந்த 2 மி.மீ. இல்லாத பல்லுக்கு எத்தனை விலையில் கேப் போட்டாலும், சில ஆண்டுகளில் கேப் உள்ளிருக்கும் அடைப்போடு சேர்ந்து கழன்று கையில் வரும், அல்லது வேர் பிளக்கும்.

உயரம் போதவில்லை என்றால் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, ஈறையும் தேவைப்பட்டால் எலும்பையும் சற்றே குறைத்துப் பல்லை வெளியே தெரியவைக்கும் சிறு அறுவை. கேப்பின் ஓரத்துக்கும் எலும்புக்கும் இடையே ஏறக்குறைய 3 மி.மீ. இடைவெளி வேண்டும், அந்த இடம் ஈறு பல்லோடு ஒட்டிக்கொள்ளும் இடம். அதை ஆக்கிரமித்துக் கேப் போட்டால் ஈறு ஓயாமல் சிவந்து ரத்தம் கசியும், எத்தனை முறை கிளீனிங் செய்தாலும் அடங்காது. இரண்டு, கம்பி கட்டி வேரைக் கொஞ்சம் வெளியே இழுப்பது. இதற்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். மூன்று, பல்லை எடுத்துவிட்டு, எலும்பில் திருகு பதித்துக் கட்டும் இம்பிளாண்ட் அல்லது பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ். மூன்றாவதைச் சொல்லும் டாக்டர் மீது கோபப்பட வேண்டாம். சில பற்களுக்கு அதுதான் நேர்மையான பதில்.

பல் நிறைய உடைந்திருந்தால் கேப்புக்கு முன், உடைந்த பகுதியை நிரப்பி எழுப்பும் “கோர்” கட்டுவார்கள், பெரும்பாலும் கம்போசிட்டில். கோர் பிடித்து நிற்க இடமில்லாதபோது வேர்க் குழாய்க்குள் ஃபைபர் போஸ்ட் என்ற சின்னக் குச்சியை ஒட்டுவார்கள். போஸ்ட் வைத்தால் பல் பலமாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கோரைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை, அதற்காக வேரைக் குடையும்போது வேர் மெலிகிறது. எனவே தேவையில்லாத இடத்தில் போஸ்ட் வேண்டாம். மூன்று சுவர்கள் நல்லபடி நிற்கும் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

ரூட் கேனல் முடித்தபின் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்தால் எச்சில் உள்ளே கசிந்து, சுத்தம் செய்த வேர்க் குழாயில் கிருமி மறுபடி குடியேறும். வலி இல்லாமல் ஒரு வாரம் பத்து நாள் போனதும், வேர் நுனியில் பெரிய கட்டி இல்லாவிட்டால், நிரந்தர அடைப்பையும் கேப் வேலையையும் தொடங்கலாம். ஒரு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். பணம் இப்போது இல்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கூம்புகளைக் கொஞ்சம் தாழ்த்தி, கம்போசிட்டில் உறுதியாக அடைத்து, சில மாதங்களுக்குப் பாதுகாப்பாக வைக்க முடியும். சொல்லாமல் காணாமல் போவதுதான் பல்லைக் கெடுக்கிறது.

எந்தக் கேப்

முழு மெட்டல் கேப், பெரும்பாலும் நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம். எல்லாவற்றிலும் விலை குறைவு. மெலிதாகவே உறுதியாக இருப்பதால் பல்லைக் குறைவாகச் சீவினால் போதும். கடிக்கும் பரப்பில் 1 முதல் 1.5 மி.மீ. உடையவே உடையாது. வெள்ளி நிறத்தில் தெரியும் என்பதுதான் குறை. வாயின் கடைசிப் பல்லுக்கு, அதுவும் உயரம் குறைந்த பல்லுக்கு, இதை மட்டமாக நினைக்க வேண்டாம். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள், வாட்ச் பக்கிள் பட்ட இடம் அரிக்கிறவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். அவர்களுக்கு நிக்கல் இல்லாத உலோகமோ ஜிர்கோனியாவோ வேண்டும். தாத்தா காலத்துத் தங்கப்பல் எதிர்ப் பல்லைத் தேய்க்காத, நெடுநாள் உழைக்கும் சங்கதிதான். இன்றைய தங்க விலையில் யாரும் கேட்பதில்லை.

மெட்டல் மேல் செராமிக், அதாவது பிஎஃப்எம். பல வருடங்களாக அதிகம் போடப்பட்டது இதுதான். உள்ளே உலோகத் தொப்பி, மேலே பல் நிறப் பீங்கான். இரண்டுக்கும் இடம் வேண்டுமென்பதால் கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. சீவ வேண்டும். இரண்டு குறைகள்: மேல் பீங்கான் சில்லு பெயரலாம், ஈறு கீழிறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும். டிஎம்எல்எஸ் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், உள்ளிருக்கும் உலோகத் தொப்பியை வார்க்காமல் லேசர் கொண்டு உலோகத் தூளில் அடுக்கடுக்காக உருவாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பொருத்தம் நன்றாக அமையும். ஆனால் மேலே இருப்பது அதே பீங்கான்தான், சில்லு பெயரும் அபாயம் அப்படியே இருக்கும்.

ஜிர்கோனியா. உலோகமே இல்லாத வெள்ளைப் பொருள். கட்டியைக் கணினி வழி குடைந்து, உலையில் சுட்டு எடுப்பார்கள். இதில் இரண்டு விதம் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். முழுக்க ஜிர்கோனியாவாலேயே ஆனது மோனோலித்திக். மேலே பீங்கான் பூசியது லேயர்டு. அழகு கூடும், ஆனால் பீங்கான் சில்லு பெயரும் அபாயமும் கூடவே வரும். கடைவாய்க்கு மோனோலித்திக் கேளுங்கள். பொருளின் தரத்திலும் வேறுபாடு உண்டு. ஒளி ஊடுருவாத பழைய வகையின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு, ஏறக்குறைய 900 முதல் 1,200 மெகாபாஸ்கல். பார்க்கப் பல் போலவே இருக்கும் ஒளி ஊடுருவும் வகைக்கு அதைவிடக் குறைவு. அழகும் வலிமையும் எதிரெதிர்த் திசையில் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லித்தியம் டைசிலிகேட், கிளினிக்குகளில் ஈமேக்ஸ் என்ற வணிகப் பெயரால் கேள்விப்படுவீர்கள். முன்பல்லுக்கு அழகு, வலிமை சுமார் 400 மெகாபாஸ்கல். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவரின் கடைவாய்க்கு வேண்டாம்.

விலை கிளினிக்குக்குக் கிளினிக், ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக மெட்டல் கேப் சில ஆயிரங்களில் முடியும், ஜிர்கோனியா பத்தாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ரூட் கேனல், கோர், போஸ்ட், கேப், எக்ஸ்ரே எல்லாம் தனித்தனியா, சேர்த்தா என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் உடைந்த பல்லைத் தவிர மற்றப் பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை.

ஜிர்கோனியாவோடு பத்து வருடம், பதினைந்து வருடம் என்று வாரண்டி கார்டு வரும். வாங்கி வையுங்கள், அதிலிருக்கும் எண்ணைப் படம் எடுத்தும் வையுங்கள். ஆனால் அந்த வாரண்டி கேப்புக்கு, பல்லுக்கு இல்லை. கேப் உடைந்தால் லேப் புதிதாகச் செய்து தரும். அடியில் பல் சொத்தையாகிக் கேப் கழன்றால் கார்டு எதற்கும் உதவாது. கேப்புகள் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான்.

யாரிடம் போவது

பிடிஎஸ் படித்த எந்தப் பல் மருத்துவரும் கேப் போடலாம். சிக்கலான கடிப்பு, பல கேப்புகள், பற்கள் தேய்ந்த வாய் என்றால் செயற்கைப் பல் துறையில் எம்டிஎஸ் மேற்படிப்பு முடித்தவரிடம் போவது நல்லது. மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் பெயர்ப்பலகையிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கும். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இயங்குகிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் பல ஊர்களில் உண்டு. கல்லூரிகளில் செலவு குறைவு, மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் ஒவ்வொரு கட்டமும் காட்டி ஒப்புதல் வாங்கிச் செய்வார்கள். அதனால் அதிக முறை போக வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும்.

“ஒரே நாளில் பல் கட்டித் தரப்படும்” என்ற பலகைகளில் இரண்டு ரகம் உண்டு. வாயை ஸ்கேன் செய்து, கிளினிக்கிலேயே இயந்திரத்தில் கேப்பைக் குடைந்து அன்றே ஒட்டுவது முறையான தொழில்நுட்பம். அதன் முதல் சிகிச்சை 1985-இல் சூரிச் நகரில் நடந்தது. வாய்க்குள்ளேயே அக்ரிலிக்கைக் குழைத்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடுவது மற்றொன்று. அதைச் சுத்தம் செய்யவும் முடியாது, கழற்றவும் முடியாது. அடியில் ஈறு அழுகி, நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். எவ்வளவு மலிவானாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பல் சீவும் நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு மயங்குகிறவர்கள் உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் போதும். கேப் வேலைக்குப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதே இல்லை. இதய வால்வு மாற்றியவர்கள், கர்ப்பிணிகள், மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் வேலை நிறம் பார்ப்பது. சீவிய பிறகு நிறம் பார்த்தால் தப்பாகும்: வாய் திறந்தபடி பல் காயும்போது அது இயல்பைவிட வெளுத்துத் தெரியும், நீங்கள் வீடு போவதற்குள் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும், கேப் மட்டும் வெளுப்பாகவே நிற்கும். பரவலாகப் பயன்படும் நிற அட்டவணையில் 16 நிறங்கள் உண்டு, ஏ1 முதல் டி4 வரை. லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். “நல்ல வெள்ளையா போடுங்க டாக்டர்” என்று கேட்காதீர்கள். பக்கத்துப் பல்லோடு பொருந்தினால்தான் அது பல்லாகத் தெரியும். மற்றப் பற்களை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கேப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். கேப் வெளுக்காது.

அடுத்து மரத்துப்போக ஊசி. ரூட் கேனல் செய்த பல்லில் நரம்பு இல்லாவிட்டாலும் ஈறுக்கு உணர்வு உண்டு. உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். அது தெளியும்வரை சூடான காபியும் வேண்டாம், மெல்லவும் வேண்டாம். கன்னத்தைக் கடித்துக்கொண்டது கூடத் தெரியாது.

சீவும் கருவியான ஏரோட்டார் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். கூடவே தண்ணீர் பீய்ச்ச வேண்டும். தண்ணீர் இல்லாமல் சீவினால் சூட்டில் உயிருள்ள பல்லின் நரம்பு கெடும். எரிந்த வாசனை வந்தாலோ சூடு தெரிந்தாலோ கையை உயர்த்திச் சொல்லுங்கள். பல்லை மேலே குறுகிக் கீழே அகலும்படி, மிக லேசான சரிவில் செதுக்குவார்கள். சரிவு அதிகமானால் கேப்புக்குப் பிடிப்பு போகும், சரிவே இல்லாவிட்டால் கேப் உட்காராது. கேப் அடிக்கடி கழலுகிறது என்றால் சிமெண்ட்டைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை இந்தச் சரிவிலும் பல்லின் உயரத்திலும் இருக்கும். மொத்தத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம். பத்து நிமிடத்தில் முடிந்தால் சந்தேகப்படலாம்.

பிறகு அளவு எடுப்பது. கேப்பின் ஓரம் எங்கே முடிய வேண்டும் என்பது அச்சில் தெளிவாக விழ வேண்டும். அதற்காக ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூலைச் செருகி ஈறைச் சற்று விலக்குவார்கள். ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தால் அளவு சரியாக வராது. அன்று எடுக்காமல் ஒரு வாரம் தள்ளிவைக்கும் டாக்டர் நல்ல டாக்டர். கேப்பின் அளவு பொதுவாகச் சிலிக்கானில் எடுக்கப்படும்: கெட்டியான மாவு ஒன்று, அதன் மேல் தண்ணீராக ஓடும் ஒன்று. வாயில் நான்கைந்து நிமிடம் அசையாமல் வைத்திருக்க வேண்டும். எதிர்த் தாடைக்கு மட்டும் ஆல்ஜினேட் என்ற சாதாரண அச்சு மாவு போதும். குமட்டல் வருகிறவர்கள் மூக்கால் மூச்சு விட்டு, தலையை முன்னால் குனிந்து, கால் விரல்களை ஆட்டிக்கொண்டே இருங்கள்; நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பதும் சிலருக்குக் கைகொடுக்கிறது. இப்போது பல கிளினிக்குகளில் பேனா போன்ற ஸ்கேனரால் படமெடுத்தே அளவு எடுக்கிறார்கள், குமட்டல் தொல்லை இல்லை. ஆனால் ஸ்கேனரும் கண்ணுக்குத் தெரிவதைத்தான் படம் பிடிக்கும். ஈறுக்கு அடியில், ரத்தத்துக்கு அடியில் ஒளிந்த ஓரத்தை அதனாலும் பார்க்க முடியாது.

லேப்பிலிருந்து கேப் வர நான்கைந்து நாள் முதல் பத்து நாள் வரை ஆகலாம். அதுவரை தற்காலிகக் கேப் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பல கிளினிக்குகளில் “ரூட் கேனல் செய்த பல்தானே” என்று வெறுமனே விட்டுவிடுகிறார்கள். அது வலிக்காது, ஆனால் மூன்று காரியங்கள் நடக்கும்: பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைக் குறைக்கும், எதிர்ப் பல் இறங்கும், ஈறு ஓரத்தின் மேல் வளர்ந்து மூடும். பிறகு கேப் வந்தால் உட்காராது, உட்கார வைப்பதற்காக அதைத் தேய்ப்பார்கள். தற்காலிகக் கேப் இருக்கும்போது அந்தப் பக்கம் மெல்லாதீர்கள்; சூயிங் கம், கடலை மிட்டாய், அல்வா ஆகாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள், இல்லாவிட்டால் கேப் கூடவே வரும். கழன்றுவிட்டால் அன்றோ மறுநாளோ போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒட்டும் நாள்

இதுதான் நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டிய நாள். நிரந்தர சிமெண்ட்டில் ஒட்டிய பிறகு கேப்பைப் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க முடியும். எனவே கேள்விகள் எல்லாம் ஒட்டுவதற்கு முன்பே. முடிந்தால் மரத்துப்போகும் ஊசி இல்லாமல் உட்காருங்கள். மரத்த வாயால் கடிப்பைச் சொல்ல முடியாது.

பார்க்க வேண்டியது நான்கு. கேப்பை வைத்து விரலால் அழுத்தினால் ஆடக் கூடாது. ஃப்ளாஸ் நூல் இரு பக்கமும் ‘டக்’ என்று இறுக்கமாக இறங்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் இடைவெளி இருக்கிறது, சாப்பிடும்போதெல்லாம் கீரையும் கறியும் அங்கே சிக்கும். நூல் இறங்கவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், அதனாலேயே கேப் முழுவதும் உட்காராமல் இருக்கலாம். ஓரத்தில் எக்ஸ்புளோரர் என்ற கூர்முனை தடுக்கக் கூடாது. பற்களுக்கு இடையே உள்ள ஓரத்தைப் பார்க்க ஒரு எக்ஸ்ரே எடுப்பது நல்லது. கடைசியாகக் கடிப்பு. நீலமோ சிவப்போ மை தடவிய மெல்லிய தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமான புள்ளிகளைத் தேய்ப்பார்கள். படுத்தபடி கடித்துப் பார்த்தது போதாது, எழுந்து நேராக உட்கார்ந்தும் கடியுங்கள், பக்கவாட்டில் அரைத்தும் பாருங்கள். தலைமுடித் தடிமனுக்கும் குறைவான உயரத்தைக் கூட வாய் கண்டுபிடித்துவிடும். எனவே “போகப் போகப் பழகிடும்” என்ற பதிலை ஏற்க வேண்டாம். பழகாது, பல்லைச் சுற்றிய நார்கள் நசுங்கி வலிக்கும், அல்லது எதிர்ப் பல் வாங்கிக்கொள்ளும்.

ஜிர்கோனியாவைத் தேய்த்துக் கடிப்பு சரி செய்தால், தேய்த்த இடத்தைக் கண்ணாடி போலப் பாலிஷ் செய்யச் சொல்லுங்கள். பளபளப்பான ஜிர்கோனியா எதிர்ப் பல்லுக்குப் பெரிய தீங்கு செய்யாது, சொரசொரப்பானது உப்புத்தாள் போல அதைத் தேய்த்துவிடும்.

ஒட்டுவதற்கு மெட்டலுக்கும் ஜிர்கோனியாவுக்கும் வழக்கமாகக் கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் அல்லது அதன் ரெசின் கலந்த வகை. பல் உயரம் குறைவாக இருந்தாலோ, கேப் லித்தியம் டைசிலிகேட்டாக இருந்தாலோ ரெசின் சிமெண்ட். ஒட்டும்போது பல்லைச் சுற்றி எச்சில் வராமல் பஞ்சு வைப்பார்கள், நாக்கைக் கொண்டுபோய் நனைக்காதீர்கள். இறுகியதும் ஈறோரம் வழிந்த சிமெண்ட் முழுவதையும் எடுக்க வேண்டும், நூலை விட்டு இரு பக்கமும் உருவ வேண்டும். அங்கே தங்கிய சிறு துணுக்குகூட ஈறை மாதக் கணக்கில் வீங்க வைக்கும். கிளாஸ் அயனோமர் சில நிமிடங்களில் பிடித்தாலும் முழு வலிமை பெற ஒருநாள் ஆகும். அன்று மறுபக்கத்தில் மெல்லுங்கள்.

பிறகு வரும் தொல்லைகள்

முதல் சில நாள் ஈறு நோவது இயல்பு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் அடங்கும். கடித்தால் மட்டும் வலி என்றால் கேப் உயரமாக இருக்கிறது, உடனே போய்ச் சரிசெய்யுங்கள். ரூட் கேனல் செய்யாத பல்லில் குளிர்ச்சி கூசினால் இரண்டு மூன்று வாரம் பார்க்கலாம். ஆனால் சூடு பட்டால் வலி வந்து நிற்காமல் நீடிப்பது, இரவில் தானாக வலிப்பது இரண்டும் நரம்பு கெடுவதன் அறிகுறி. அப்போது கேப்பின் மேலேயே துளையிட்டு ரூட் கேனல் செய்ய நேரலாம். ஈறில் பரு போல வந்து சீழ் வைத்தால் ரூட் கேனலைத் திரும்பப் பார்க்க வேண்டும். தாடைக்கு அடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமை என்றால் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேப் சொத்தையாகாது. அது முடியும் ஓரத்தில் உள்ள பல் சொத்தையாகும், அதுவும் ரூட் கேனல் செய்த பல்லில் வலியே இல்லாமல். உலோகமும் ஜிர்கோனியாவும் எக்ஸ்ரேயில் வெள்ளையாக மறைப்பதால் உள்ளே நடப்பது படத்திலும் தெரியாது, ஓரத்தில் தொடங்குவது மட்டுமே பிடிபடும். ஆகவே பிரஷை ஈறு ஓரத்தில் சாய்த்து இரண்டு வேளை, இரவில் ஒருமுறை ஃப்ளாஸ் நூல், இடைவெளி அகலமாக இருந்தால் சின்ன இடுக்குப் பிரஷ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் ஓரத்தைத் தடவிப் பார்க்கட்டும். பாக்கு, ஐஸ் கட்டி, நல்லி எலும்பு இவற்றைக் கேப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முறுக்கை உடைத்துச் சாப்பிடலாம். காலையில் தாடை அசதியோடு எழுகிறவர்கள் இரவில் பல்லைக் கடிக்கிறார்கள். அவர்கள் தூங்கும்போது பற்கள் மேல் மாட்டும், அளவெடுத்துச் செய்த நைட் கார்டு போட்டுக்கொள்ள வேண்டும். இப்படிப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைப்பது சாதாரணம்.

பல வருடங்கள் கழித்துக் கேப் கழன்றால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிஷ்யூ பேப்பரில் சுற்றினால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள். மூடியுள்ள சின்ன டப்பாவில் வைத்து ஓரிரு நாளில் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஃபெவிக்விக் போன்ற பசை வேண்டவே வேண்டாம். அது ஈறைப் புண்ணாக்கும், கேப்பைக் கோணலாக ஒட்டும், உள்ளே பசை படிந்த கேப் மறுபடி சரியாக உட்காராது. கழன்ற கேப்பின் உள்ளே எட்டிப் பாருங்கள். வெறும் சிமெண்ட் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம். உள்ளே பல்லின் துண்டோ கோரோ சிக்கியிருந்தால், முதலில் சொன்ன அந்த 2 மி.மீ. இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பதிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும். சாப்பிடும்போது கழன்று விழுங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் விழுங்கியவுடன் இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அது நுரையீரல் பக்கம் போயிருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.